ராணிக்கு ஒரு சாக்கு வைக்கோல்

1996 பங்குனி, செவ்வாய் இரவு

இன்றைக்குச் சரியான சந்தோசம். எழுதினால்தான் நித்திரை வரும்.

எங்கள் ஆய்வுகூடக் குரங்கு ராணி ஒரு மாதமாய்த் தன் கை மயிரைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கச் சும்மா கூட்டுக்குள் இருந்தால் வேறென்ன செய்யும்? "வெள்ளிக்கிழமைக்குள்ள நிப்பாட்டாட்டி ஊசி போட்டு முடிப்பம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதுவரைக்குமாவது வெறும் கம்பியில் படுக்காமல் இருக்கட்டும் என்று வெல்லாவெளியில் வயல் செய்யும் அத்தானிடம் ஒரு சாக்கு வைக்கோல் வாங்கி வந்தேன்.

செக் பொயின்ட்டில் ஆமிக்காரன் அதை ரோட்டில் கொட்டி, பிடிபிடியாய்க் கிண்டிப் பார்த்தான். குரங்குக்கு என்றேன். நம்பவில்லை. ஒன்றும் அகப்படாததால் அள்ளிக்கொண்டு போகச் சொன்னான்.

கூட்டுக்குள் போட்டதும் ராணியும் அவனைப் போலவே கிண்டத் தொடங்கியது! ஷெல் விழும் பயத்தில் அத்தான் நெல்லை அவசரமாய், அரைகுறையாய்ச் சூடடித்திருக்கிறார். கதிரில் நெல் அப்படியே ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு மணியாய் எடுத்து, உமி உரித்துத் தின்றுவிட்டுத் திரும்பவும் தேடியது. பின்னேரம் வரை கை மயிரைத் தொடவே இல்லை!

"கூட்டைக் குப்பையாக்கிப் போட்டீரே பிள்ளை" என்று கத்திக்கொண்டு வந்த டொக்டர், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ராணியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். போகும்போது, "வெள்ளிக்கிழமை ஊசி வேண்டாம்" என்றார்.

நாளைக்கும் அத்தானிடம் போவேன். இந்தமுறை ரெண்டு சாக்கு. ஆமிக்காரன் ஆசைதீரக் கிண்டட்டும். பாவம், அவனுக்கும் பொழுது போகவேணும்.