எஸ்தர் குரலுக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்

ஆகஸ்ட் 4, 1999, புதன்

காலையிலிருந்து தூறல். மாடித் துணியெல்லாம் உள்ளே. காவேரித் தண்ணீர் இன்றும் இல்லை.

மச்சான் ஜோசப் மஸ்கட் போகும்போது இங்கே விட்டுப்போன ஸ்பீக்கர்கள், இரண்டும் இடுப்பளவு. எதைச் சேர்த்தாலும் முனகல்தான். சரியான ஆம்ப் வேண்டும்.

காரணம் என் மனைவி எஸ்தரிடம் சொல்லவில்லை. பொருள் வீணாகக் கிடக்கிறதே என்று மட்டும். ஏப்ரலில் தொண்டை ஆபரேஷன், அதோடு அவள் குரல் போயிற்று. அவள் பாடியதில் வீட்டில் இருப்பது ஒரே கேசட், பழைய கிறிஸ்மஸ் கொயர். முப்பது பேர் குரலும் கலந்த கூழ். நல்ல ஸ்பீக்கரில் அவளைத் தனியே பிரித்துவிடலாம்.

ஆகஸ்ட் 5, வியாழன்

வால்வு ஆம்ப் செய்து விற்கும் அன்வர் பாய் இரண்டைக் கொண்டுவந்தார். மனிதக் குரலுக்கு வால்வுதான் என்பது அவர் கட்சி. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், யானையைக் கட்டி வெச்சிருக்கீங்க. நல்லாத் தின்னும், லேசுல அசையாது."

"அப்ப எது பாய் சரி?"

"சின்னது ஸ்வீட்டு. பெருசுக்கு தாக்கத்து, பவரு ஜாஸ்தி. துட்டு வேணாம், சும்னே ரெண்டையும் கேட்டுப் பாருங்க. ஞாயித்துக்கெழமை வந்து ஒண்ணைத் தூக்கிக்கறேன்."

எனக்குப் புரிந்த விதம்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு வகுப்பு. மென்மையாகப் பேசும் ஆசிரியர் முன் பெஞ்சோடு சரி. கடைசி பெஞ்சை எழுப்ப வேறு ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

எஸ்தர் மார்க்கெட் போன நேரம். சின்னது. இனிமை. சத்தம் கூட்டினால் கரகரப்பு. இரண்டாம் சரணத்தில், புகைக்குப் பின்னால் இருந்து வருவதுபோல, மேலே ஏறும் ஒரு பெண்குரல். எஸ்தர் மாதிரி. எஸ்தர்தான். திரும்பத் திரும்பப் போட்டேன். அடுப்பில் பால் பொங்கிப் போனது.

சர்க்கரை மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 7, சனி

பெரியது. தூக்கி வைத்ததில் இடுப்புப் பிடிப்பு. கூடமே சூடு. ஆனால் கரகரப்பு போயிற்று. காலை பிரேயரில் பிள்ளைகள் வரிசையாக நிற்பதுபோல ஒவ்வொரு குரலும் அதனதன் இடத்தில். அந்தக் குரல் எல்லோருக்கும் முன்னால், தனியாக.

எஸ்தரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கேள் என்றேன். கேட்டாள். தோள் குலுங்கச் சிரிப்பு, சத்தமில்லாமல். பேடில் எழுதினாள்:

"இது ரோசிங்க. எனக்கு அன்னைக்கு ஜலதோஷம். வாயை மட்டும் அசைச்சேன்."

இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ரசம், அப்பளம். இருவரும் சீக்கிரம் படுத்தோம்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

நல்ல வெயில். கோயிலுக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு அன்வர் பாய்.

"எது மாஸ்டர் வெச்சுக்கறீங்க?"

"சின்னதுல ஏதோ ஒண்ணு இருந்துச்சு..."

"என்னா?"

"ஒண்ணுமில்ல பாய்."

எஸ்தர் எழுதி அவரிடம் நீட்டினாள். அவருக்குத் தமிழ் படிக்க வராது. என்னிடம் கொடுத்தார். நான்தான் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது.

"பெருசு இருக்கட்டும். ரோசி நல்லாப் பாடறா."

"யாரு மாஸ்டர் ரோசி?"

சின்னதை எடுத்து அவரிடம் நீட்டினேன். போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்தார். கயிறு கட்டும்வரை கீழே நின்று பிடித்துக்கொண்டேன்.