அடி கறுத்த தக்காளி

அச்சங்குளம்
9-7-1961

அன்புள்ள தம்பி இன்பராஜுக்கு,

நானும் எஸ்தரும் சுகம். விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஈஸ்டருக்கு நீ கொடுத்துப்போன தக்காளி விதையில் முப்பது செடி நிற்கிறது. காய் நிறையப் பிடிக்கிறது. எலுமிச்சை அளவு வந்ததும் அடி கறுத்துக் குழிந்துபோகிறது. சந்தையில் யார் வாங்குவார்கள்?

பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் உக்கிரபாண்டி வாரம் தவறாமல் கேட்கிறார், “ஒம் மகள எப்பம்மா வேலைக்கு வண்டில ஏத்துவ? தீவாளி ஆர்டர் கெடக்கு.” “அவ அஞ்சாப்பு படிக்கிறாய்யா” என்று சொல்லித் தப்பிக்கிறேன். அத்தான் இறந்தபிறகு என் ஒருத்தி கூலியில் வீடு ஓடவில்லை. தக்காளி தேறினால்தான் எஸ்தரைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க முடியும். விவசாயம் படிக்கிறாயே, என்ன நோய் என்று பார்த்து எழுது.

அக்கா
ஞானஜோதி

கோயம்புத்தூர்
13-7-1961

அன்புள்ள அக்கா,

கறுத்த இடம் ஈரமாக நாறுகிறதா, தோல்போலக் காய்ந்திருக்கிறதா? நாறினால் அழுகல் நோய். செடியைப் பிடுங்கி எரித்துவிடு. காய்ந்திருந்தால் நோயே இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. நீர்த்த சுண்ணாம்பு ஒரு கைப்பிடி வேரைச் சுற்றிப் போடு.

அந்த உக்கிரபாண்டியின் மகன் சாத்தூரில் ஷூ போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறானாமே. முதலில் அவனை வண்டியில் ஏற்றச் சொல்.

இன்பராஜ்

அச்சங்குளம்
30-7-1961

அன்புள்ள தம்பிக்கு,

நாறவில்லை, செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கப் போனபோது வெற்றிலைக் கடை பத்திரகாளி, “செடிக்கா? அப்ப வெத்தலையும் சேத்து வாங்கிட்டுப் போ” என்று சிரித்தாள். போட்டு இரண்டு வாரமாகியும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது நல்ல காயும் வெடிக்கிறது.

நீ சொன்னதை உக்கிரபாண்டியிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலைக்கு எங்கே போவது?

ஞானஜோதி

கோயம்புத்தூர்
3-8-1961

அன்புள்ள அக்கா,

காய் வெடிக்கிறது என்றதும் பிடிபட்டுவிட்டது. விடியுமுன் வண்டியேறி இருட்டியபின் இறங்குகிறவள் நீ. ஆறு நாள் காயவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடம் குடமாகக் கொட்டுகிறாய், சரிதானே? தண்ணீர் சீராகப் போகாவிட்டால் மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய்க்கு ஏறாது, அடி கறுக்கும். காய்ந்து கிடந்த செடி திடீரென்று குடித்தால் காய் வெடிக்கும். தினமும் ஒரே நேரத்தில், செடிக்கு ஒரு செம்பு. ஒருநாள்கூடத் தவறக் கூடாது. வேரில் சருகு பரப்பு. பேராசிரியரிடமும் கேட்டுவிட்டேன், இனிப் பயமில்லை.

இன்பராஜ்

அச்சங்குளம்
10-9-1961

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னது சரியாக இருந்தது. ஒரு காயிலும் கறுப்பு இல்லை. சாத்தூர்ச் சந்தையில் முதல் கூடை இறக்கிவைத்த உடனே போய்விட்டது.

ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஊறுவதே பத்து மணிக்குமேல்தான், இருட்டுமுன் வற்றியும்விடும். அந்நேரம் நான் கம்பெனியில் இருப்பேன். அதனால் எஸ்தரைப் பள்ளிக்கூடம் நிறுத்தி ஊற்றச் சொன்னேன். ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். போன திங்கட்கிழமை உக்கிரபாண்டி அவளைக் கிணற்றடியில் பார்த்துவிட்டார். சாயங்காலம் எல்லார் முன்னாலும் கத்தினார். “படிக்கிறா படிக்கிறான்னு எம்புட்டு நாளா என்னைய ஏய்ச்ச? கொடத்தத் தூக்கிக்கிட்டுல்ல படிக்கிறா! நாளைக்கு ரெண்டு பேரும் வண்டில ஏறுங்க. இல்லேன்னா நீயும் வராத.”

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளும் வருகிறாள். திரி கட்டுகிறாள்.

ஞானஜோதி

கோயம்புத்தூர்
13-9-1961

அக்கா,

யார் ஊற்றுவது என்று நான் கேட்கவே இல்லை. பேராசிரியரும் கேட்கவில்லை. புத்தகத்தில் செடி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது; குடம் தூக்குகிற ஆள் இல்லை.

செடிகளைப் பிடுங்கிப் போடு. எஸ்தரை உடனே பள்ளிக்கூடத்தில் விடு. பதினாலு வயது ஆகாத பிள்ளையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கலெக்டருக்கு மனு எழுதிவைத்திருக்கிறேன். நீ சரி என்றால் தபாலில் சேர்ப்பேன்.

இன்பராஜ்

அச்சங்குளம்
24-9-1961

அன்புள்ள தம்பிக்கு,

மனுவைக் கிழித்துப் போடு. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் ஓடைக்குள் உட்காரவைக்கிறார்கள். புதன்கிழமை எஸ்தரும் மத்தியானம்வரை அங்கேதான் இருந்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

வேதமாணிக்கம் வாத்தியாரைப் பார்த்தேன். “நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா, சேத்துக்கிறேன்” என்றார். நல்ல மனுஷர். அவள் பள்ளிக்கூடம் போனால் எனக்கு வேலை போய்விடும் என்றேன்.

எஸ்தர் அழவில்லை. மற்றப் பிள்ளைகளோடு வண்டியில் பாடிக்கொண்டே வருகிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செடிகள் தலை தொங்கிவிட்டன. ஏன் என்று உன்னைக் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

உன்மேல் வருத்தம் இல்லை, பரீட்சைக்கு ஒழுங்காகப் படி. லீவுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. மற்ற நாளில் வீடு பூட்டியிருக்கும்.

அக்கா
ஞானஜோதி