கிளட்ச் இல்லாத இன்ஜின்

என்னங்க,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காரை விற்றுவிடச் சொன்னீர்களாம், உங்கள் தம்பி டெல்வின் சொன்னார். அதை வாங்க பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பாகங்களை வரவழைத்து நீங்களே பூட்டிய கார் என்றதும் ஆசையாகத் தடவிப் பார்த்தார். கொடுப்பதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வந்தவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியதையும் டெல்வின் சொன்னார். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

பழைய இன்ஜின் இனித் தேறாது என்பது உங்களுக்கே தெரியும். குருபரப்பள்ளி மெக்கானிக் மெஹபூப் பாஷாவிடம் புது மாடலில் இரண்டு இருந்தன. ஒன்று கியர் போட்டு ஓட்டுவது, இன்னொன்று ஆட்டோமேட்டிக். நான் ஆட்டோமேட்டிக்கைக் கேட்டேன்.

"கியர் இன்ஜின்னா நேரா உக்காந்துடும்க்கா. இதுக்கு அடித்தகட்ட வெட்டணும், ஒயரிங் பூரா மாத்தணும். அண்ணன் கியர் போடறதுல கில்லாடியாச்சே, இது எதுக்கு?" என்றார்.

"இதுல எடது காலுக்கு வேலையே இல்லைன்னாங்க. நெசமாங்க?"

பாஷா "நெசந்தான்க்கா" என்று சொல்லிவிட்டு வெட்டும் மெஷினை எடுத்தார்.

நேற்று மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தார். பழைய உறுமல் இல்லை, தையல் மெஷின்போல ஓடுகிறது. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இன்ஜின் மாறியதால் காரின் பதிவை மாற்ற நீங்கள் நேரில் வரவேண்டுமாம். அதுவரை வீட்டில் கொண்டுவந்து விடட்டுமா என்று பாஷா கேட்டார். வேண்டாம், என் வீட்டுக்காரரே வந்து ஓட்டிக்கொண்டு வரட்டும் என்றேன். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருவேன்.

உங்கள்
வீட்டுக்காரி