இரண்டாவது கையெழுத்து

உன் அட்டையில் கருவாட்டு வாசனை அடிக்கிறது. வீராம்பட்டினத்திலிருந்து உன் அக்கா நேற்று கொண்டுவந்தார். "ஒனக்குன்னு எடுத்து வெச்சிருந்தான், தம்பி. சாவுக்குத்தான் வரல, இதையாவது வாங்கிக்க" என்றார். உட்காராமலே போய்விட்டார்.

வெளிர் சாம்பலில் தொடங்கி முழுக் கறுப்பில் முடியும் ஐந்து கட்டங்கள். துறைமுகப் பாலத்தின் நுனியில் நின்று நீ இதைக் கை நீட்டிப் பிடிப்பாய். தூரத்துக் கப்பலின் புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று இருவரும் பார்த்து, தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். புகையை அளக்க எழுபதுகளில் நம் அலுவலகத்திடம் இருந்த கருவி அவ்வளவுதான்.

கப்பல்கள் கறுப்பாகப் புகைந்ததெல்லாம் காலையில், புறப்படும்போது. வாடைக்காற்றில் அந்தக் கரி, உன் அக்கா மணலில் காயவைத்த மீன்மேல் போய் இறங்கும். பெரிய மார்க்கெட்டில், "என்னாக்கா, அடுப்புக்குள்ளயே காய வெச்சியா?" என்று கேலி செய்து கூடையைத் தள்ளிவிடுவார்கள். நான்காம் கட்டம் என்று எழுதிக் கொடுத்தால் கப்பல்களைத் தள்ளி நிறுத்த வைக்கலாம் என்று நம்பினேன். நீயோ காலையில் எடுத்த அளவுகளையெல்லாம் அடித்துப் போட்டாய்.

"சூரியன் பொகைக்குப் பின்னால நிக்குதுடா. வெளுத்த பொகைகூட கறுப்பாத்தான் தெரியும். வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். அதான் விதி."

"நம்ம கடக்கரையில காலைல வெயில் வேற எங்கடா இருக்கும்? சாயங்காலம்னு மாத்திப் போடு."

"பாக்காதத பாத்தேன்னு எழுதவா? இதுக்குத்தான் எம்.எஸ்ஸி. படிச்சியா?"

அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டேன். ஓர் அளவுகூடப் பதியாத அறிக்கையைப் பார்த்து மேலதிகாரி சிரித்தார். அவரையும் நான் மன்னிக்கவில்லை, உன்னையும்தான். நீண்ட விடுப்பு போட்டேன்.

ஒரு பிற்பகல் சைக்கிளோடு என் வாசலில் நின்றாய். இல்லை என்று சொல்லச் சொல்லி மனைவியை அனுப்பினேன். "ஒரு கப்பல் இன்னிக்குச் சாயங்காலம் கெளம்புது, தங்கச்சி. வந்ததும் பாலத்துக்கு வரச் சொல்லு" என்றாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். போகவில்லை. பிறகு வேலையையும் விட்டேன்.

அட்டையின் பின்னால் ஒரு தாளைச் செருகி வைத்திருக்கிறாய். நீ என் வாசலில் நின்ற அன்றைய தேதி. மாலை நான்கு மணி. வெயில் முதுகுப்புறம். கட்டம் நான்கு. உன் கையெழுத்து. பக்கத்தில் என் பெயர், அதன்மேல் ஒன்றுமில்லை.

நேற்று பேனாவை எடுத்தேன். பார்க்காததை எப்படி எழுதுவது? மூடி வைத்துவிட்டேன்.

இப்போதும் எங்கே புகையைக் கண்டாலும் வெயில் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கிறேன். அப்புறம், பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று.