அசையாமல் படுத்தால் தூக்கமாம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முதுகுவலி குறைந்ததா? நீங்கள் கட்டிவிட்ட கைப்பட்டையைப் பற்றி உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

நாடித்துடிப்பைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் துணி துவைத்தாலும் நடந்ததாகக் கணக்கு வைக்கிறது. நேற்று படிப்பு நேரத்தில், எழுந்து நடக்கச் சொல்லி அதிர்ந்தது. எழுந்து வார்டனிடம் அதைச் சொன்னேன்.

"உன் வாட்சு சொன்னா நான் கதவைத் திறந்துடணுமா? உக்காருடி!" என்றார் வார்டன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விடுதிக் கதவு ஞாயிறு மட்டுமே திறக்கும். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பார்சல் வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள்.

அசையாமல் படுத்திருந்தால், தூங்குவதாக உங்கள் போனுக்குச் சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்துத்தான், "நல்லா தூங்குறியேம்மா, நிம்மதி" என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பாதீர்கள், அப்பா.

உங்கள் புத்தகப்புழு.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.