துவைக்க வந்த பாட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இங்கே ஒரு கூத்து. ஓட்டல் சலவைக்கு வந்த போர்வைக்குள் யாரோ விருந்தாளியின் பாட்டுக் கேட்கும் குட்டிக் கருவி, காது ஒயரோடு சுருண்டு கிடந்தது. உடனே சூப்பர்வைசரிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் காதில் மாட்டிக்கொண்டேன். யாரோ ஒரு பெண் பாடுகிறாள். பெயர் தெரியாது, பாஷையும் புரியவில்லை. ஆனால் அதிலிருந்த அவள் ஆல்பத்தில் ஒரு பாட்டுகூடச் சோடையில்லை. தொந்தி தானாக ஆடியது. கண்ணும் கலங்கியது, சோப்புத்தூள் என்று வைத்துக்கொள்.

சூப்பர்வைசர் வந்து பிடுங்கிவிட்டார். விருந்தாளியும் அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த வரை, உங்களையெல்லாம் விட்டு நான் இங்கே இருப்பதே மறந்திருந்தது. இப்போது மனதில் நின்ற ஒரே ஒரு மெட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. தெரிந்தவர்களிடமெல்லாம் முனகிக் காட்டினேன். "என்னண்ணே, பல்வலியா?" என்கிறான் பக்கத்துக் கட்டில்காரன்.

முனகினாலே பாட்டைக் கண்டுபிடிக்கும் வித்தை மகளின் போனில் இருக்கிறதாமே! ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது அவளைப் பக்கத்தில் பிடித்து வை. மறப்பதற்குள் முனகிவிடுகிறேன்.

ஷிப்ட் மணி அடிக்கிறது, ஓடுகிறேன். நீ மட்டும் சிரிக்காதே. சிரித்தாலும் போனை வைத்துவிடாமல் சிரி.

உன் வீட்டுக்காரன்