சத்திரத்துப் பானகம்

சத்திர முகாம்,
கவரைப்பேட்டை,
15-4-1975

சௌபாக்கியவதி கோமளவல்லிக்கு ராமானுஜம் ஆசீர்வாதம். மீஞ்சூரில் நீயும் அப்பா, அம்மாவும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

விலாசத்தைப் பார்த்துத் திகைக்காதே. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் திருவள்ளூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். வடக்கே யாத்திரை போகிறவர்கள் தங்குவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் கட்டிய பழைய சத்திரம். கூரை பாதி சரிந்து, சுவரெல்லாம் ஆலங்கன்று முளைத்துக் கிடந்தது. ஊர் இளைஞர்களும் என்னைப் போன்ற வாத்தியார்களுமாக இருபது பேர், கூலி வாங்காமல் செப்பனிடுகிறோம். நான் கல் சுமக்கிறேன், கோமளம்! தோள் கன்றிப் போய்விட்டது. சாப்பிட்ட தட்டை நானே கழுவுகிறேன் என்றால் நம்புவாயா?

நீ போய் மூன்று மாதமாகிறது. காய்ச்சலில் கிடந்தவளை எழுப்பி, ரசத்தில் உப்பில்லை என்று கத்தினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. திரும்பி வா.

இப்படிக்கு,
ராமானுஜம்


மீஞ்சூர்,
18-4-1975

நமஸ்காரம். கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம்.

ஊரார் சத்திரத்துக்குக் கல் சுமக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். எட்டு வருஷத்தில் நம் வீட்டுக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இழுத்ததுண்டா? "மாப்பிள்ளைக்கு புத்தி வந்துடுத்துடி, கிளம்பு" என்று அம்மா நிற்கவிடாமல் நச்சரிக்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருபது பேர் பார்க்கத் தட்டுக் கழுவுவது பெரிய காரியமா? யாரும் பார்க்காத நம் சமையலறையில் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. நான் வருவதாக இல்லை.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

கோமளவல்லி


சத்திர முகாம்,
22-4-1975

கோமளத்துக்கு ஆசீர்வாதம்.

உன் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே நடந்த மானக்கேட்டை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம நவமி. பானகம் நான்தான் செய்வேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பின்கட்டில் ஒரு பெரிய பானை நிறைய வெல்லத் தண்ணீர் வடிகட்டி வைத்திருந்தது. எனக்காகத்தான் கரைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை எல்லாம் சேர்த்தேன். பெருமாளுக்கு அமுது செய்விக்குமுன் வாயில் வைக்கலாமா? ருசி பார்க்கவே இல்லை. பிறகு எல்லோருக்கும் ஊற்றினேன். துவர்க்கிறதே என்றவர்களையும், பிரசாதத்தைக் குறை சொல்லாதீர்கள் என்று அதட்டிக் குடிக்க வைத்தேன். கடைசியில் எனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை.

அது சுண்ணாம்புக் காரையில் சேர்ப்பதற்காகக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர்! சாயங்காலத்துக்குள் முகாமே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடியது. ஊரிலிருந்து வந்து காரை அரைக்கிற பூவம்மாள் காலிப் பானையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா வாத்யாரே, சொவத்துக்கு வெச்சத்த வவுத்துக்கு ஊத்திட்டியே!"

மறுநாள் முகாமில் நிற்க முடிந்தவன் நான் ஒருவன்தான். தண்ணீர் சேந்தி, கஞ்சி காய்ச்சி, ஒவ்வொருவருக்காகக் கொடுத்து, பாத்திரம் தேய்த்தேன். எல்லோரும் சுருண்டு கிடந்தார்கள், பார்க்க ஆளில்லை. விறகுப் புகையில் கண் எரிந்தது. எட்டு வருஷம் நீ இப்படித்தானே நின்றாய்? காய்ச்சலோடும் நின்றாயே. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், கோமளம். என்னை மன்னித்துவிடு.

ராமானுஜம்


மீஞ்சூர்,
24-4-1975

அன்புள்ள உங்களுக்கு அநேக கோடி நமஸ்காரம்.

பானகக் கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று அம்மா ஓடிவந்துவிட்டாள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கஞ்சி காய்ச்சிய இடம் வந்ததும் கடிதத்தை அப்பாவிடம் நீட்டிவிட்டேன். அப்பா வாங்கி மீதியைப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் கவரைப்பேட்டைக்கு வருகிறேன். முகாமில் என் பெயரையும் எழுதிவையுங்கள். சமையலுக்கு என்று எழுதிவிடாதீர்கள். நானும் கல்தான் சுமப்பேன். பூவம்மாளிடம் காரை அரைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். சமையல் உங்கள் முறை வருகிற அன்று எனக்கும் சேர்த்து வடியுங்கள்.

சத்திர வேலை முடிகிற அன்று, திருவள்ளூருக்கு இரண்டு டிக்கெட் எடுக்கலாமா என்று என்னைக் கேளுங்கள். உத்தரவாக வேண்டாம், கேளுங்கள். சரி என்று சொல்லத்தான் வருகிறேன்.

உங்கள்,
கோமளம்